கன்னம் மாறிய முகம்

அத்தியாயம் 14

வலது மணிக்கட்டில் பிடித்த வலி முழங்கையில் ஏறி, தோளைத் தாண்டி, விடிவதற்குள் கழுத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பெரியவளால் தலையைத் திருப்பிக் கடிகாரம் பார்க்க முடியவில்லை. உடம்பையே திருப்பிப் பார்த்தாள். ஏழாகப் போகிறது.

முந்தின நாள் ஒரு பள்ளிக்கூடத்தின் அடையாள அட்டைப் படங்கள் நானூற்றுப் பத்து. அத்தனை பிள்ளைகளின் பருவையும் மூக்குச்சளியையும் நெற்றித் தழும்பையும் ஒரே மவுஸால் தேய்த்துத் தள்ளியிருந்தாள். ஸ்டுடியோவில் அவளுக்கு ‘ரப்பர்’ என்று பெயர். பன்னிரண்டு வருஷமாக அழிப்பதுதான் வேலை. சில வாடிக்கைக்காரர்கள் வாசலிலேயே நின்று, “ரப்பரக்கா இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவள் கைபட்டால் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே வயது.

அடுக்களையிலிருந்து சின்னவளின் குரல் கேட்டது. கூடவே தன் புருஷனின் சிரிப்பும்.

எதற்குச் சிரிப்பு என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அந்த விரிசல் விட்ட டேப்லெட்டைத் திறந்து வைத்திருப்பார்கள்.

சின்னவள் அவளுக்கு ஓரகத்தி. கொழுந்தன் கட்டட வேலைக்கு வெளியூர் போய் ஒரு வருஷமாகிறது. இவள் பெட்டிக் கம்பெனியில் நாளுக்கு எட்டு மணி நேரம் நின்றபடி லேபிள் ஒட்டுகிறவள். நாலு மாசத்துக்கு முன்னால், கம்பெனியில் கழித்துப் போட்ட டேப்லெட் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். போனிலேயே நடக்கிற ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லாரும் ஓவியத்தில் கைக்குழந்தைகள். கோப்பை, ஆப்பிள், செருப்பு என்று ஆளுக்கொன்றாக ஆரம்பிக்க, இவள் எடுத்த எடுப்பிலேயே முகம் வரைவேன் என்று நின்றாள். அதுவும் அத்தையின் முகம்.

அத்தை, அதாவது இருவருக்கும் மாமியார், ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவர். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நீராவிக் குழாய் பிடுங்கிக்கொண்டு அடித்ததில் வலது கன்னம் வெந்தது. காதோரத்திலிருந்து உதட்டு முனை வரைக்கும் தோல் வழவழப்பாக, சுருங்கிக் காய்ந்த துணி மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு யார் போன் தூக்கினாலும் அத்தை எழுந்து போய்விடுவார்.

அவருக்கென்று இருந்த ஒரே படம் வேலை இடத்து அடையாள அட்டையில். அதைச் சரிபார்த்துக் கொடுத்தவள் பெரியவள்தான். தழும்பைச் சுத்தமாக எடுத்துவிட்டாள், சொல்லாமலே, நல்லது செய்கிறோம் என்று நினைத்து. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த அத்தை, “நல்லா இருக்கா. யாரு இவ?” என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எட்டு வருஷமாகிறது. பெரியவளுக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

சின்னவள் முதலில் வரைந்த முகம் உருளைக்கிழங்குக்கு முடி நட்டது போல இருந்தது. பல்லை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்து, நிழல் என்று சொல்லிக் கரியைப் பூசி வைத்திருந்தாள். எல்லாரும் இருக்கும்போதே பெரியவள் சொன்னாள்: “முதல்ல ஒரு கிண்ணத்த ஒழுங்கா வரை. முகமெல்லாம் அப்புறம் பாக்கலாம்.” சின்னவள் சரியென்று தலையாட்டிவிட்டு, அதே உருளைக்கிழங்கை வகுப்புக்கும் அனுப்பிவிட்டாள்.

வகுப்பு மாஸ்டரின் பதில் குரலாக வந்தது. கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி போட்டுவிட்டாள்.

“கிண்ணம் வரைஞ்சா கிண்ணம்தாம்மா வரும். உங்களுக்கு யார வரையணும்னு கை துடிக்குதோ அவங்கள வரைங்க. கோணலா வரும். கோணலாவே அனுப்புங்க. மூக்கு ரெண்டு விரக்கடை தள்ளியிருக்கு, அத நாளைக்கு நகத்துவோம். ஆனா கண்ணுல கோவம் வந்திருக்கு பாருங்க, அத நான் சொல்லித் தரல.”

அந்தக் குரல்தான் பெரியவளைக் குத்தியது. அவள் ஸ்டுடியோவில் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டு வேளையில், கணினியில் ஒரு முகம் வரைந்தாள். பார்சல் கொண்டு வரும் கிழவரின் முகம். மூன்று நாள் பசியோடு வரைந்தாள். முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார். “முகத்துல கை வைக்காத. உனக்கு படத்துக்குப் பின்பக்கம் வெள்ளையடிக்கிறது நல்லா வருது. அதப் பண்ணு” என்றார். அன்றைக்கே அந்தப் படத்தை அழித்துவிட்டாள். அவள் ஸ்டுடியோவில் அழித்த முதல் முகம் அது.

சின்னவள் விடவில்லை. ஒன்று, இரண்டு, பத்து, நாற்பது. கம்பெனியிலிருந்து வீங்கிய காலோடு வந்து, வாளித் தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு, மடியில் டேப்லெட்டை வைத்து வரைவாள். அத்தை சாப்பிடும்போது பார்ப்பாள், துணி உதறும்போது பார்ப்பாள். அறுபத்தோராவது முகத்தில் அத்தை வந்துவிட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் போன வாரம் பெரியவளின் புருஷன் அசந்து போனான். வேன் ஓட்டுகிறவன், எதையும் நின்று பார்க்கிற ஆள் இல்லை. அவன் நின்று பார்த்தான். “நம்மளத் திட்டப்போறதுக்கு முந்தி அம்மா ஒரு பார்வை பாக்கும்ல, அது அப்படியே இருக்கு” என்றான். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, “நீயும் பன்னெண்டு வருஷமா இதே பொட்டி முன்னாடிதான உக்காந்திருக்க?” என்று சிரித்தான். விளையாட்டாகத்தான் சொன்னான். விளையாட்டாகச் சொன்னதால்தான் திருப்பி ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இன்றைக்கு அத்தைக்குக் கடைசி வேலை நாள். முப்பத்தொரு வருஷம் முடிகிறது. சாயங்காலம் நாலு மணிக்குச் சலவைக்கூடத்திலேயே வழியனுப்பு. படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, எல்லார் முன்னாலும் கொடுப்பதாகத் திட்டம். அத்தைக்குத் தெரியாது. அச்சு பெரியவளின் ஸ்டுடியோவில்.

பெரியவள் அடுக்களைக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. சின்னவள் ஓடி வந்து பென் டிரைவை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“அக்கா, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க. என்ன தப்பு இருந்தாலும் நீங்களே சரி பண்ணிடுங்க.” ஒரு நொடி நிறுத்தினாள். “தழும்ப மட்டும் தொட வேணாம்க்கா.”

வேண்டுமென்றே சொன்னதல்ல. சின்னவளுக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது. ஆனால் அறை வாங்கியவளுக்கு அடித்தவர் மனசு தெரிந்து என்ன ஆகப்போகிறது.

“நான் எதுக்குத் தொடப்போறேன்” என்றாள் பெரியவள்.

ஸ்டுடியோ ஒன்பதரைக்குத் திறந்தது. பென் டிரைவைச் சொருகிப் படத்தைத் திறந்தவள் முதலில் தேடியது தப்பை. தப்பு நிறைய இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவ்வளவு ஆசையோடு அவள் எந்தப் படத்தையும் திறந்ததில்லை.

இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வரைந்திருந்தாள் பைத்தியக்காரி. முடி தனி, தோல் தனி, பின்னணி தனி என்று அடுக்கடுக்காக வைத்தால் ஒன்றைக் கெடுக்காமல் இன்னொன்றைத் திருத்தலாம். இவள் சுவரில் கரி கொண்டு கிறுக்குவது போல எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள். காது கொஞ்சம் பெரிது. தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆனால் முகம் அத்தையாகவே நின்றது.

இந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரே முகத்தை வெகுநேரம் பார்த்தால் கண் அதன் கோணலுக்குப் பழகிப்போகும். அப்போது படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தட்டு. அதுவரை ஒளிந்திருந்த கோணல் எல்லாம் குதித்து வெளியே வரும். தப்பைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு தட்டுத் தட்டினால் படம் பழையபடி நேராகிவிடும்.

பெரியவள் தட்டினாள். முகம் திரும்பியது. வலது கன்னத்துத் தழும்பு இடது கன்னத்துக்குப் போனது.

அப்போதும் முகம் நின்றது. ஒரு கண் மட்டும் இம்மி தாழ்வு. அத்தைக்கு நிஜமாகவே அப்படித்தான்.

“யாரு போட்டது?” முதலாளி பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் போலச் சத்தமில்லாமல்.

சொன்னாள். ஓரகத்தி என்றாள், பெட்டிக் கம்பெனி என்றாள், நாலு மாசம் என்றாள். மறைக்க நினைத்ததெல்லாம் வரிசையாக வாயில் வந்தது.

“நாலு மாசமா?” முதலாளி குனிந்தார். “எடுத்ததுமே முகத்துல கை வெச்சிருக்கா. அந்தத் தைரியம் வேணும்ல. ஒரு நாள் கூட்டிட்டு வாயேன், பேசலாம்.” பிறகு நிமிர்ந்து, பெரிய இயந்திரம் இப்போது சும்மா இருக்கிறது, பத்தரைக்கு மேல் ஆல்பம் வேலை ஏறிவிடும், அடிப்பதானால் சீக்கிரம் அடி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தைரியம் வேணும்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆள், இதே நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு.

திரையில் அத்தை இடது கன்னத்துத் தழும்போடு பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி வைக்க ஒரு தட்டு போதும். பெரியவளின் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. நின்ற விரல் நகர்ந்து, சேமிக்கிற பொத்தானை அழுத்தியது. அப்படியே அச்சுக்கும் அனுப்பியது.

மறந்துவிட்டோம் என்று அன்று முழுக்க அவள் தனக்கே சொல்லிப் பார்த்தாள். நானூற்றுப் பத்து படம் பார்த்த கண், கழுத்து வலி, முதலாளியின் அவசரம் என்று காரணங்களைத் தேடித் தேடி அடுக்கினாள். ஒன்றும் நிற்கவில்லை. மறக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் முன்னால் சின்னவள் தலைகுனிய வேண்டும். ‘கன்னம்கூடத் தெரியாதவளா முகம் வரைய வந்தாள்’ என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான்.

இயந்திரம் மெதுவாகத் துப்பியது. நெற்றி வந்தது, கண் வந்தது, மாறிய கன்னம் வந்தது. சட்டம் போடுகிற பையனுக்குக் காத்திராமல் அவளே சட்டம் போட்டு, பழுப்புத் தாளில் நன்றாகச் சுற்றிக் கட்டினாள். யாரும் முன்கூட்டிப் பார்த்துவிடக் கூடாது.

மூன்றரைக்குப் புருஷன் வேனோடு வந்தான். முன்னால் சின்னவள், அரை நாள் லீவு போட்டுவிட்டு, கையில் இன்னும் லேபிள் பசை ஒட்டியபடி. பொட்டலத்தை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள்.

“தப்பு ஏதாவது இருந்துச்சாக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

“நெஜமாவா?”

“காது கொஞ்சம் பெரிசு” என்றாள் பெரியவள். அவ்வளவு உண்மை போதும் என்று பட்டது.

சலவைக்கூடத்தில் நீராவி இன்னும் அடங்கவில்லை. சோப்பும் சூடான பருத்தியுமாக ஒரு வாசனை மூச்சில் இறங்கியது. இயந்திரங்களை அரை மணி நேரம் நிறுத்தியிருந்தார்கள். துணி வண்டிகளை ஓரம் தள்ளி, இருபது இருபத்தைந்து பேர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மேற்பார்வையாளர் நாலு வார்த்தை பேசினார். அத்தை எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தன் இயந்திரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

சின்னவள் பொட்டலத்தைக் கொடுத்தாள். அத்தை தாளைக் கிழிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, மடித்து, பையில் வைத்துவிட்டுத்தான் பிரித்தார். சட்டத்தை மேஜையில் நிமிர்த்தி வைத்தார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கண்ணைப் பார், வாயைப் பார், அதே முறைப்பு பார் என்று ஆளாளுக்கு நெருங்கினார்கள்.

பெரியவள் சுவரோரம் நின்று காத்திருந்தாள். வரும். யாராவது சொல்வார்கள்.

சொன்னவள் மடிப்புக்காரி. படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரும் புதிருமாக நின்று, கிட்டே வந்து வந்து மடிக்க வேண்டும். இருபது வருஷமாக அத்தைக்கு எதிர்முனை அவள்தான்.

“எல்லாம் சரி, தழும்பு பக்கம் மாறியிருக்கே” என்றாள். “இந்த மூஞ்சிய ஒரு நாளைக்கு முந்நூறு தடவ கிட்டக்கப் பாத்தவ நான். எனக்குத் தெரியாதா?”

பேச்சு அடங்கியது. சின்னவள் படத்தைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை.

இதைத்தான் பெரியவள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வந்துவிட்டது. ஆனால் வாயில் போட்டதும் கசந்தது. சின்னவளின் பசை ஒட்டிய விரல்கள் சேலை முந்தானையைப் பிடித்துப் பிடித்து விடுவதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

அத்தை படத்துக்கு இன்னும் கிட்டே போனார். வலது கையைத் தூக்கித் தன் வலது கன்னத்தைத் தொட்டார். படத்திலும் தழும்பு அந்தக் கைக்கு நேர் எதிரே, அதே பக்கம் இருந்தது.

“மாறல” என்றார்.

“என்ன மாறல, நான் தெனம்...”

“உனக்கு மாறியிருக்கும். நீ எதிர்ல நிக்கிறவ.” அத்தையின் கை கன்னத்திலேயே இருந்தது. “துணி மாத்துற ரூம்ல ஒரு கண்ணாடி இருக்குல்ல, கை அகலத்துக்கு. பத்தொம்பது வருஷமா காலையில அதுலதான் பாக்கறேன். இன்னிக்கு எப்படி இருக்கோம், எவ சிரிப்பா, எவ பரிதாபப்படுவான்னு பாத்துட்டுத்தான் இங்க வருவேன். அதுல இப்படித்தான் இருப்பேன். இந்தப் பக்கந்தான்.” குரல் உடையவில்லை. அத்தைக்கு உடைகிற குரல் இல்லை. “போட்டோவுல எவளோ ஒருத்தி இருப்பா. இதுலதான் நான் இருக்கேன்.”

மடிப்புக்காரி மூக்கை உறிஞ்சினாள். மேற்பார்வையாளர் கைதட்ட ஆரம்பித்து, இடம் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பெரியவளுக்குக் காது அடைத்தது. ஒரு பெண்ணைக் கவிழ்க்கத் தள்ளிய தள்ளில் அவள் மேடையேறி உட்கார்ந்துவிட்டாள். சரியாக வரைந்திருந்தால் நன்றாக வரைந்தாய் என்பதோடு போயிருக்கும். இப்போது இந்தக் கூடம் இருக்கிற வரைக்கும் பேசுவார்கள். வயிறு பற்றி எரிந்தது. காலையில் எரிந்தது கொள்ளி என்றால் இது அடுப்பு.

அப்போதுதான் சின்னவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்தாள். வலிக்கிற மணிக்கட்டு என்று தெரியாமல் இறுக்கிப் பிடித்தாள்.

“நீங்கதானக்கா திருப்புனீங்க?”

பிடிபட்டுவிட்டோம் என்றுதான் பெரியவள் நினைத்தாள். ஒரு கணம் அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

“நான் நேராத்தான் போட்டுக் குடுத்தேன். எனக்கு இது தோணவே இல்லக்கா. அத்தை கண்ணாடியிலதான் பாப்பாங்கன்னு நீங்கதான் யோசிச்சிருக்கீங்க.” சின்னவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “முகம் நான் போட்டேன். ஆனா அத்தைய அத்தையாக்கினது எங்கக்கா. பன்னெண்டு வருஷ அனுபவம். நான் கத்துக்குட்டி.”

எல்லாத் தலையும் சுவரோரம் திரும்பியது. புருஷன் பார்த்த பார்வையைப் பெரியவள் அதுவரை பார்த்ததில்லை. வேனை, ரோட்டை, போன வாரம் அந்த டேப்லெட்டைப் பார்த்தவன், இப்போது அவளைப் பார்த்தான். “சொல்லவே இல்லியே நீ” என்றான். குரலில் பெருமை இருந்தது. கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், கேட்பதையே விட்டுவிட்ட பெருமை.

இல்லை என்று சொல்ல அது நேரம். ஒரு மூச்சு நேரம் இருந்தது. கூடம் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ம்” என்றாள் பெரியவள்.

அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

அத்தை மூத்த மருமகளை ஏற இறங்க ஒரு முறை பார்த்தார். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு, மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு படத்தைத் தூக்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யாரிடமும் கொடுக்காமல், வேனை நோக்கி நடந்தார்.

வேன் கிளம்புவதற்குள் சின்னவள் போனில் எல்லாவற்றையும் வகுப்புக்குச் சொல்லி முடித்திருந்தாள். பதிலும் வந்துவிட்டது. மாஸ்டரின் அதே குரல்.

“உங்க அக்காவ ஞாயித்துக்கிழமை வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்கம்மா. முகம் வரையப் பயப்படற பிள்ளைங்க முப்பது பேர் இருக்காங்க. எதனால அந்தப் படத்தத் திருப்பணும்னு தோணுச்சு, அத அவங்க வாயாலயே சொல்லட்டும்.”

“வருவீங்கல்லக்கா?” சின்னவள் பின் இருக்கைக்குத் திரும்பிக் கேட்டாள். “உங்க பேரக் குடுத்துட்டேன்.”

பெரியவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பப் பார்த்தாள். கழுத்து விடவில்லை. நேராகவே உட்கார்ந்து, சின்னவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தனக்குத்தான் ஊரே ஒரு பாராட்டு பாக்கி வைத்திருக்கிறது என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்திருந்தவள் அவள். இன்றைக்கு அது கைக்கு வந்துவிட்டது, இன்னொருத்தியின் கையிலிருந்து. இனி கொடுக்க வேண்டியவள் பெரியவள்தான். சின்னவளுக்கு அவள் தர வேண்டிய பாக்கி ஓர் உண்மை: உன்னைத் தலைகுனிய வைக்கத்தான் திருப்பினேன்.